முதல் கேமிங் பிசி: ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை (வெள்ளவத்தை)

வெள்ளலை | சனி இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு ஒன்றரை வருடம் டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசில் முதல் தடவையாக ஒரு கேமிங் கொம்பியூட்டர் பொருத்தினேன். எல்லாமாக 165,000 ரூபாய் முடிந்தது. மொனிட்டர் அக்காவுடையது.

ப்ரொசசர் ரைசன் 5 5600, புதிது, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் எடுத்தேன். 8 ஜிபி ராம் இரண்டு, 550 வாட்ஸ் பவர் சப்ளை, 500 ஜிபி எஸ்எஸ்டி, கேசிங் எல்லாம் அங்கேதான். பி450 மதர்போட் பாவித்தது, கொட்டாஞ்சேனையில் ஒருவர் தந்தார். ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டும் பாவித்ததுதான், வேறொருவரிடம் எடுத்தேன்.

இன்று காலை தொடங்கிப் பின்னேரம் ஐந்து மணிக்கு முடித்தேன். பட்டனை அழுத்தினால் கேசிங் ஃபேன் சுற்றுகிறது, ப்ரொசசர் ஃபேன் சுற்றுகிறது. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் மட்டும் இரண்டு விநாடி சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. மொனிட்டரில் 'நோ சிக்னல்'. எச்டிஎம்ஐ வயரை மதர்போட்டிலும் கார்டிலும் மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தேன். ராமைக் கழற்றிப் போட்டேன். ஒன்றும் இல்லை.

கார்ட் செத்துவிட்டது என்று நினைக்கிறேன். விற்றவர் மூன்று நாள்தான் தவணை தந்தார், திங்களோடு முடிகிறது. திருப்பிக் கொடுக்கவா? இரவுச் சாப்பாடு கூட இறங்கவில்லை.

கறுத்தக்கொழும்பான் | சனி இரவு 11.15

தம்பி, கார்டை இப்போதே திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 பல மாடல்களில் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேன் தானாக நின்றுவிடும். தொடங்கும்போது ஒருக்கா சுற்றிவிட்டு நிற்பது அதன் இயல்பு. செத்ததற்கு அடையாளம் இல்லை.

எச்டிஎம்ஐ கார்டில்தான் இருக்க வேண்டும். 5600க்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, போட்டில் எத்தனை தரம் குத்தினாலும் படம் வராது.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். போட்டின் வலது ஓரத்தில், ராமுக்குப் பக்கத்தில், நாலு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியு (ப்ரொசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்ட்), பூட். எது அணையாமல் நிற்கிறது? மற்றது, அந்தப் போட் கொட்டாஞ்சேனையில் எந்த ப்ரொசசரோடு ஓடியது?

வெள்ளலை | ஞாயிறு காலை 6.50

அண்ணா, சிபியு என்ற சிவப்பு விளக்குத்தான் நிற்கிறது. மற்ற மூன்றும் எரியவே இல்லை. போட்டைத் தந்தவர் 2600 போட்டு என் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டினார். அதனால்தான் போட்டில் பிழை இருக்காது என்று நினைத்தேன். புது ப்ரொசசர் பழுதாகவா வந்திருக்கும்?

கறுத்தக்கொழும்பான் | ஞாயிறு காலை 7.20

போட்டிலும் பிழை இல்லை, ப்ரொசசரிலும் பிழை இல்லை. ஒன்றை ஒன்றுக்குத் தெரியவில்லை.

பி450 வந்தது 2018இல். 5600 வந்தது 2022 ஏப்ரலில். குத்தும் இடம் அதே ஏஎம்4 என்றபடியால் வடிவாக உட்காரும், ஆனால் போட்டிலுள்ள பயோஸ் (கொம்பியூட்டரைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) பழையது என்றால் அந்த ப்ரொசசர் யார் என்றே அதற்குத் தெரியாது. 2600 போட்டு ஓடிய வீட்டில் பயோஸை மாற்ற ஒரு தேவையும் வந்திருக்காது. பாவித்த பி450 வாங்கும்போது நான் முதலில் கேட்பதே பயோஸ் எந்தப் பதிப்பு என்பதுதான்.

போட்டின் பின்பக்கம், யுஎஸ்பி வாய்களுக்குப் பக்கத்தில் 'ஃப்ளாஷ் பயோஸ்' என்று ஒரு பட்டன் இருந்தால் ப்ரொசசரே இல்லாமல் புதுப்பிக்கலாம். இருக்கிறதா?

வெள்ளலை | ஞாயிறு காலை 7.35

இல்லை அண்ணா. பின்பக்கம் முழுக்கப் பார்த்துவிட்டேன்.

கறுத்தக்கொழும்பான் | ஞாயிறு காலை 7.50

அப்படியென்றால் பழைய ப்ரொசசர் ஒன்றைப் போட்டுத்தான் புதுப்பிக்க வேண்டும். என்னிடம் 2200ஜி சும்மா கிடக்கிறது. நான் தெஹிவளை, நீங்கள் வெள்ளவத்தை. 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, கார்ட் இல்லாமலும் படம் வரும். பிறகு கார்டைப் போட்டால் அது உயிரோடு இருக்கிறதா என்பதும் திங்களுக்கு முன் தெரிந்துவிடும்.

வருவதற்கு முன் 5600ஐக் கழற்றும் விதத்தை வாசியுங்கள். முதல் தடவை பொருத்துகிறவர்கள் நொந்துபோகும் இடம் இதுதான். ஏஎம்4இல் பின்கள் ப்ரொசசரின் அடியில் இருக்கின்றன. கூலரின் தேர்மல் பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்திருக்கும். நேரே மேலே இழுத்தால் பூட்டியிருக்கும் சொக்கட்டிலிருந்து ப்ரொசசரும் சேர்ந்து கழன்று வரும், பின் வளையும். பேஸ்ட் இளகினால் சுலபம், ஆனால் உங்களுடையது பூட் ஆகாததால் பெரிதாகச் சூடாகியிருக்காது. அக்காவின் தலைமயிர் காய வைக்கும் டிரையரை ஒரு நிமிடம் கூலரின் மேல் பிடியுங்கள். நாலு ஸ்குரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பின்பக்கத் தகடு கழன்று விழப் பார்க்கும், ஒரு கையால் தாங்குங்கள். பிறகு கூலரை இடமும் வலமுமாகத் திருப்பி, தானாக நழுவும் என்று கைக்குத் தெரிந்த பிறகு தூக்குங்கள். புதுத் தேர்மல் பேஸ்ட் ஒரு குழாய் வேண்டும், பழையதைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு போதும்.

பயோஸ் ஃபைலை அந்தப் போட்டின் பெயரும், மூலையில் அச்சடித்திருக்கும் ரெவிஷன் இலக்கமும் பொருந்தும்படி பார்த்து இறக்குங்கள். பென் டிரைவை ஃபேட்32 என்ற முறையில் ஃபோர்மட் பண்ணுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போட் போய்விடும். இந்த ஒக்டோபர் மாதத்தில் பின்னேரம் இடி மழை வழக்கம், அதனால் காலையில் செய்யுங்கள். யுபிஎஸ் இருந்தால் இன்னும் நிம்மதி.

வெள்ளலை | ஞாயிறு காலை 8.10

பெரிய நன்றி அண்ணா, இப்போதே வெளிக்கிடுகிறேன். இன்னொன்று, சொல்ல மறந்துவிட்டேன். கேசிங்கின் பின்பக்கத் தகரத்தில் கை பட்டால் மெல்லச் சுர்ரென்கிறது. செருப்புப் போட்டிருந்தால் தெரியவில்லை. புதுத் தகரம் என்பதாலா?

பிச்சிப்பூ | ஞாயிறு காலை 8.25

தம்பி, நான் கட்டட வயரிங் வேலை செய்கிறவள். அதை அப்படி விடாதீர்கள். கொம்பியூட்டரை எந்த சொக்கட்டில் குத்தியிருக்கிறீர்கள்?

வெள்ளலை | ஞாயிறு காலை 8.30

பழைய அனெக்ஸ் அக்கா. அறையில் வட்டப் பின் சொக்கட் ஒன்றுதான். சதுரப் பின் பிளக்குக்கு ஒரு அடாப்டர் போட்டிருக்கிறேன், அதற்கு இரண்டு பின்தான்.

பிச்சிப்பூ | ஞாயிறு காலை 8.45

அதுதான் காரணம். உங்கள் பிளக்கின் மூன்றாவது பின் எர்த். அந்த அடாப்டரில் அது எங்கேயும் போய்ச் சேரவில்லை.

கொம்பியூட்டர் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகர உடம்புக்கு இரண்டு சின்னக் கபாசிட்டர் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு பேசாமல் எர்த்துக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் முழுக்க 230 வோல்ட்டின் பாதியளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் பவர் சப்ளைக்குள் உண்மையாகவே ஒரு பழுது வந்தால், அந்தத் தகரத்திலிருந்து நிலத்துக்குப் போகும் வழி உங்கள் உடம்புதான். மொனிட்டர் வயரைக் கழற்றிக் குத்தும்போது கார்டின் வாய்க்கும் அது நல்லதல்ல.

இன்றைக்குக் கேசிங்கைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். கேத்தில் குத்தும் 13 அம்பியர் சதுர சொக்கட் அங்கே இருக்கும். அதில் நேராகக் குத்திப் பாருங்கள். நாளைக்கு வீட்டுக்காரரோடு கதைத்து, எலக்ட்ரீசியனைக் கொண்டு அறைக்கு எர்த்தோடு ஒரு 13 அம்பியர் சொக்கட் போடச் சொல்லுங்கள். சதுரப் பின்னை நாட்டின் நியமமாக்க 2017இலேயே முடிவெடுத்துவிட்டார்கள், வீட்டுக்காரருக்கும் அது நல்லதுதான். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனையும் ஒருக்கா அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

வெள்ளலை | ஞாயிறு பகல் 1.30

வந்துவிட்டது!

அண்ணா சொன்ன மாதிரியே டிரையர் பிடித்துத் திருப்பினேன். ஐந்து நிமிடம் கூலர் அசையவே இல்லை, பிறகு திடீரென்று வழுக்கியது. ப்ரொசசர் சொக்கட்டிலேயே இருந்தது, ஒரு பின்னும் வளையவில்லை. சமையலறை மேசையில் 2200ஜியைப் போட்டவுடன் படம் வந்தது. உள்ளே இருந்த பயோஸ் 2019ஆம் ஆண்டினது. புதியதை எழுதி முடிக்கும் வரை அக்கா ஃப்ரிட்ஜைக் கூடத் திறக்க விடவில்லை. பிறகு 5600ஐத் திருப்பிப் போட்டேன். முதல் தடவை ஒரு நிமிடத்துக்கு மேல் கறுப்பாகவே நின்றது, நெஞ்சு படபடத்தது, பிறகு படம் வந்தது. ஆர்எக்ஸ் 6600 நன்றாக வேலை செய்கிறது. தகரத்தில் கை வைத்தேன், சுர்ரென்று ஒன்றும் இல்லை.

கறுத்தக்கொழும்பான் | ஞாயிறு பகல் 1.50

சந்தோஷம் தம்பி. பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் வசதியை, ஒன் பண்ணுங்கள். இல்லாவிட்டால் 3200 ராம் 2133இலோ 2400இலோதான் ஓடும். ராம் இரண்டும் ப்ரொசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது துளையில் இருக்கட்டும்.

ஹட்டன்_மலை | ஞாயிறு பின்னேரம் 4.05

நானும் இதே மாதிரி ஒன்று பொருத்த யோசிக்கிறேன். காசு குறைக்க 550 வாட்ஸ் பவர் சப்ளைக்குப் பதிலாகப் பெயர் தெரியாத மலிவானது ஒன்றை எடுக்கலாமா?

பிச்சிப்பூ | ஞாயிறு பின்னேரம் 4.30

வேண்டாம். காசு குறைய வேண்டுமென்றால் கேசிங்கில் குறையுங்கள், விளக்கு ஃபேனில் குறையுங்கள். ஆர்எக்ஸ் 6600 சுமார் 132 வாட்ஸ், 5600 65 வாட்ஸ் வகை, நல்ல 550 தாராளம். மலிவானவற்றில் பெட்டியில் எழுதிய வாட்ஸும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை.

வெள்ளலை | திங்கள் இரவு 8.20

வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், புதன்கிழமை எலக்ட்ரீசியன் வருகிறார். அதுவரை கொம்பியூட்டர் சமையலறையில்தான். எக்ஸ்எம்பி போட்டேன், 3200 காட்டுகிறது. கார்டைத் தந்தவருக்கு நல்லாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கறுத்தக்கொழும்பான் அண்ணா, 2200ஜியை அதே பெட்டியில் வைத்திருக்கிறேன், நாளைப் பின்னேரம் ஆறு மணிக்குக் கொண்டு வரவா?