புதுப்பிப்பு: எங்கள் அறக்கட்டளைத் தளத்துக்கு வேர்ட்பிரஸ்தான்

எங்கள் தளம் ஓடிய ட்ருபல் 7 என்ற தள மென்பொருளுக்கான ஆதரவு 2025 ஜனவரி 5-உடன் நின்றுவிட்டது, எங்கள் அறக்கட்டளைத் தளத்தை எதற்கு மாற்றலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அதேபோன்ற இன்னொரு தள மென்பொருளான வேர்ட்பிரஸ் என்று முடிவாகிவிட்டது.

புதிய ட்ருபலுக்குப் போனாலும் வார்ப்புருக்களை (பக்க வடிவமைப்புக் கோப்புகளை) முதலிலிருந்து எழுத வேண்டும். பக்கங்களை முன்கூட்டியே கோப்புகளாக ஆக்கிவைக்கும் ஹியூகோ எனக்கு மிகவும் பிடித்திருந்தது: தரவுத்தளம் கிடையாது, ஹேக் ஆகும் பயமும் குறைவு. ஆனால் நிகழ்ச்சி அறிவிப்பைப் போடும் தன்னார்வலர்கள் கைபேசியிலிருந்து போடுபவர்கள். ஹியூகோவுக்காக அவர்களை கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கற்கச் சொல்வது நியாயமில்லை.

தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வேர்ட்பிரஸ் தலைப்பையே முகவரியாக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (எழுத்தும், அதோடு சேரும் புள்ளி, கொம்பு போன்றவையும் தனித்தனியாக) 9 எழுத்தாக விரியும். 9 குறியீடுகள் உள்ள ‘அறிவிப்பு’ மட்டுமே 81. முகவரியைச் சேமிக்கும் இடத்தின் வரம்போ 200 எழுத்துதான், அதனால் நீளமான தலைப்பின் முகவரி பாதியில் அறுந்துவிடும். நாங்கள் கையாலேயே ஆங்கில எழுத்தில் சிறிய முகவரி தருகிறோம்.

அப்புறம், பழைய இணைப்புகள் அத்தனைக்கும் 301 திருப்பிவிடல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புவது) போட்டாகிவிட்டது. பிற தளங்கள் எங்கள் கட்டுரைகளுக்குக் கொடுத்த சுட்டிகள் ஒன்றுகூட உடையக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம். படங்களை மாற்றும் வேலை மட்டும் மீதி.