ஓப்பன் சோர்ஸில் காசு பார்ப்பவர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பின்னிரவு நிரலர்:
வலைத்தளம் அமைக்கும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ் குழுவின் போன சந்திப்பில் நடந்தது இன்னும் உறுத்துகிறது. அதற்குக் கட்டணப் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதும் ஒருவர் பேச எழுந்தார். ஆரம்பிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர், "எல்லாரும் சும்மா கொடுத்ததை வச்சுக் கல்லா கட்டுறீங்களே, கூச்சமா இல்லையா?" என்றார். பேச எழுந்தவர் பதிலே சொல்லவில்லை. ப்ரொஜெக்டர் கேபிளைக் கழற்றி, நிதானமாகச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எங்கள் குழுவில் புதியவர்களின் கேள்விகளுக்குப் பாதிப் பதில் அவர் எழுதியவை. வேர்ட்பிரஸின் உரிமமான ஜிபிஎல் விற்பதைத் தடுக்கவே இல்லை. ஜிபிஎல்லை எழுதிய ஸ்டால்மனே 1985இல் தன் ஈமாக்ஸ் எடிட்டரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்!

கருப்புத்திரை:
பிளகின்காரரை விடுங்கள், அவரால் யாருக்கும் நஷ்டமில்லை. உரிமத்தை மாற்றும் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் கம்பெனிதான் ஆபத்து. ஒரு டேட்டாபேஸ் கருவிக்கு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பினேன். பங்களிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டார்கள், போட்டேன். அப்புறம் ஒரு நாள் நிரல் இருக்கும் ரெப்போவைத் திறந்தால் லைசென்ஸ் ஃபைலே வேறு. என் வரிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ரெடிஸ் என்ற டேட்டாபேஸும் 2024 மார்ச்சில் பிஎஸ்டி என்ற தளர்வான உரிமத்தைக் கைவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அதன் பழைய நிரலிலிருந்து வால்கீ என்ற தனித் திட்டம் பிரிந்து வந்தது.

டிரைவர் எழுதுபவன்:
கருப்புத்திரை, கம்பெனி என்றாலே வில்லன் என்று பேசாதீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு நான் அனுப்பிய நெட்வொர்க் டிரைவர் பேட்சை வரி வரியாகப் படித்துத் திருத்தியவர் எங்கள் போட்டிக் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர். சரிபார்த்தேன் என்று அவர் போட்ட வரியில் அந்தக் கம்பெனி மெயில் முகவரியே இருந்தது. எங்கள் மேனேஜர் அதை நம்பவே இல்லை.

கெர்னலில் இது நடக்கக் காரணம் இருக்கிறது. அங்கே ஒப்பந்தம் கிடையாது, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி மட்டும்தான், 2004 முதல். பதிப்புரிமை எழுதியவர்களிடமோ அவர்களின் முதலாளிகளிடமோ சிதறிக் கிடப்பதால் இன்டெலோ கூகுளோ தனியாக நினைத்து ஜிபிஎல்லை மாற்ற முடியாது. ஆகவே ஒப்பந்தம் நீட்டினால், உரிமத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். ஒப்பந்தம் என்றாலே மோசம் என்றும் இல்லை, அப்பாச்சி அறக்கட்டளையும் கேட்கிறது; ஆனால் அது லாபநோக்கற்றது. டிரேட்மார்க் யாரிடம், பேட்சை ஏற்றுச் சேர்க்கும் (மெர்ஜ்) அனுமதி வெளியாட்களுக்கு உண்டா, இதையும் பாருங்கள். பிஎஸ்டி, எம்ஐடி போன்ற தளர்வான உரிமம் என்றால் ஒப்பந்தமே இல்லாமலும் அடுத்த பதிப்பை மூடிவிடலாம்.

எழுத்துரு மாற்றி:
நல்ல அறிவுரை, ஆனால் கெர்னலுக்கு ஆள் இருக்கிறது. என் லைப்ரரிக்கு (மற்றவர்கள் தங்கள் ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) நான் மட்டும்தான். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த வாரம், பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து மெயில் வந்தது. "அன்புள்ள விற்பனையாளருக்கு" என்று தொடங்கி நீளமான பாதுகாப்புக் கேள்விப்பட்டியல், 24 மணி நேரத்தில் பதில் வேண்டுமாம். என் லைப்ரரியில் ஒரு வரி ஜாவா கிடையாது, அவர்களுக்கு நான் எதையும் விற்றதும் இல்லை. பின்வரிசையில் கத்தியவர் இவர்களைக் கேட்டிருக்க வேண்டும். கேள்விப்பட்டியலை நிரப்பித் தரக் கட்டணம் இவ்வளவு என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர்களுடைய ஆப்பின் லைசென்ஸ் பக்கத்தில் என் லைப்ரரி பெயர் இப்போதும் இருக்கிறது.