ஜெபமே வராத நாட்களில் எங்கே தொடங்குவது?

சபை மூப்பர்:
தம்பி, ஜெபிக்க வாயே திறக்கவில்லை என்றால் வேதாகமத்தில் சங்கீதம் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறார் தாவீது. 3, 4 விண்ணப்பம். 5, 6-இல்தான் நம்பிக்கை வருகிறது. நம்மில் பலர் நேராக ஐந்தாம் வசனத்துக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் துதி உதட்டோடு நின்றுவிடுகிறது. முதல் சில நாள் 1, 2 போதும். சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொரு "எதுவரைக்கும்" வரும்போதும் உங்கள் காரியத்தைப் பேர் சொல்லிச் சேருங்கள்: வேலை போனது, பிள்ளையின் வியாதி, கடன். "முறையிடுவது அவிசுவாசம்" என்று யார் சொன்னாலும் கலங்காதீர்கள். சங்கீதங்களில் அதிகமாக இருக்கும் வகையே முறையீடுதான்.

ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை:
மூப்பர் ஐயா சொன்னதோடு 88-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 18 வசனத்தில் கடைசி வரைக்கும் வெளிச்சம் வருவதில்லை. ஆனால் தொடக்கமே "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான். பதில் கிடைக்காமலே கர்த்தரைத் தன் தேவன் என்று கூப்பிடுகிறார் அதைப் பாடியவர். இருளில் இருப்பவருக்கு இந்த அளவு நம்பிக்கை போதும், இதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

புலம்பல் 3:22, 23 (கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை) எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் இருபது வசன வேதனையை யாரும் அச்சடிப்பதில்லை! 44-ஆம் வசனத்தில் மறுபடியும் ஜெபம் நுழையாதபடி தேவன் மேகத்தால் தம்மை மூடிக்கொண்டார் என்ற புலம்பல். ஆகவே போன வாரம் கிடைத்த தைரியம் இந்த வாரம் காணாமல் போனால், விசுவாசமே போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த அதிகாரமே அப்படித்தான் ஏறி இறங்குகிறது.

கத்தோலிக்க நண்பர்:
எங்கள் பக்கம் இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் புனித இஞ்ஞாசியார் தரும் விதி ஒன்று: மனம் வறண்டிருக்கும்போது, முன்பு அமைதியில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. வேலையை விடுவது, குருமடத்தை விட்டு வெளியேறுவது, பங்கை (ஆலயத்தை) மாற்றுவது எதையும் அந்த நேரத்தில் செய்யக் கூடாது. செபத்தைச் சுருக்கத் தோன்றும்போது, குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கச் சொல்கிறார். பத்து நிமிடம் என்றால் பதினொன்று. அரை மணிக்கு நீட்டினால் மறுநாள் உட்காரவே மனம் வராது.

செவிலியர்:
1 இராஜாக்கள் 19-ஐ மெதுவாக வாசியுங்கள். சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர்; திரும்பத் தூக்கம், திரும்பச் சாப்பாடு. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே வருகிறது. எலிசா என்ற துணையும் அங்கேதான் காட்டப்படுகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று விரோதி அல்ல. சாகும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள்; இந்தியாவில் இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சோர்ந்திருப்பவரிடம் கேட்காமல் அவர் நிலையை ஜெபக்குறிப்பாகச் சபையில் வாசிக்காதீர்கள். வீட்டுக்குப் போங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள், அவர் சம்மதித்தால் 13-ஆம் சங்கீதத்தை நீங்கள் வாசியுங்கள்.