சீரோஸில் கப்பல் மாறக் கிடைத்த ஒரு பகல்

கிரேக்கத்தின் மிலோஸ் தீவிலிருந்து தினோஸ் தீவுக்குப் போகும் வழியில் எனக்கும் அக்காவுக்கும் சீரோஸ் தீவில் கப்பல் மாற வேண்டியிருந்தது. காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் அடுத்த கப்பல். இப்படி இடைவெளி வந்தால் பலரும் துறைமுகத்துக் காபிக் கடையிலேயே பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்துவிடுகிறார்கள். சீரோஸில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். கிரேக்கத்தில் நான் பார்த்த ஊர்களில் என் மனசுக்கு ரொம்பப் பிடித்தது இந்தத் தீவின் துறைமுக ஊரான எர்மூபொலிதான்.

கடலோரத் தெருவில் டிக்கெட் ஏஜென்சிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் போய்க் கேட்டதும், அங்கிருந்த பெண் மேசைக்குப் பின்னால் பெட்டிகளை வைத்துக்கொள்ளச் சொன்னார். "காற்று ஏறுகிறது, நாலு மணிக்கு ஒருதரம் வந்து கேட்டுக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னார். ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தேமி காற்று பலத்துவிட்டால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். அதனால் கோடையில் கப்பல் மாறுகிறவர்கள் அதே நாளில் விமானம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சீரோஸ் இருக்கும் சைக்ளடீஸ் தீவுக்கூட்டம் என்றாலே வெள்ளையடித்த சின்னச் சின்ன வீடுகள்தான் நினைவுக்கு வரும். எர்மூபொலி வேறு மாதிரி. பளிங்குக்கல் பாவிய தெருக்கள், இரும்புக் கம்பி வைத்த மாடங்கள், மாளிகை மாளிகையாக வீடுகள். இதைக் கட்டியவர்கள் அகதிகள். 1822 இல் கியோஸ் தீவில் நடந்த படுகொலைக்குத் தப்பியவர்கள், 1824 இல் ப்சாரா தீவு அழிந்தபோது ஓடிவந்தவர்கள் எனப் பலரும் கரையேறிய இடம் இது. மேலே குன்றின்மீது கத்தோலிக்கர்களின் ஊரான ஆனோ சீரோஸ் பல நூறு வருடங்களாக இருந்தது. கீழே வெறுங்கரையில் இவர்கள் ஊரை எழுப்பி, வணிகத்தின் தெய்வமான எர்மிஸின் பெயரை வைத்தார்கள். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம் முந்திக்கொள்ளும் வரை கிரேக்க நாட்டின் பெரிய துறைமுகம் இதுதான். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் இரண்டு தலைமுறைக்குள் நாடகக் கொட்டகை கட்டினார்கள் என்பது எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது. அந்த அப்பல்லோ தியேட்டர் 1864 இல் திறக்கப்பட்டது.

நேரம் குறைவாக இருந்தால் முதலில் தேவாலயத்துக்குப் போங்கள், மத்தியானம் பூட்டிவிடலாம். ப்சாரா மக்கள் கட்டிய மாதா கோவில் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். உள்ளே புகழ்பெற்ற ஓவியர் எல் கிரேக்கோ வரைந்த ஒரு சிறிய ஓவியம் இருக்கிறது. மாதா இறந்து கிடக்க, சீடர்கள் சுற்றி நிற்கிறார்கள். ஸ்பெயினுக்குப் போய்ப் பேர் வாங்குவதற்கு முன்னால், கிரீட்டில் இளைஞராக இருந்தபோது வரைந்தது. மெழுகுவர்த்தி மிச்சங்களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை. படத்தின் நடுவில் இருக்கும் விளக்குத் தண்டின் அடிப்பாகத்தை விரலால் காட்டிவிட்டு, நாங்கள் குனிந்து பார்க்கும்வரை நின்றார். அங்கே பொடி எழுத்தில் ஓவியரின் கையெழுத்து! 1983 இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டதாம். அதுவரை ஊர் ஜனங்கள் எத்தனையோ தலைமுறையாக அது யார் வரைந்தது என்றே தெரியாமல் முன்னால் நின்று கும்பிட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து மியாவுலி சதுக்கம். எர்ன்ஸ்ட் சில்லர் வடிவமைத்த நகர மண்டபம் எதிரே நிற்கிறது, வெயில் கொளுத்தியது, சீக்கிரம் கிளம்பிவிட்டோம். வழியில் லுக்கூமி என்ற இனிப்பு வாங்கினோம். அக்கா வாயில் போட்டுவிட்டு "கோதுமை அல்வாவில் நெய்யே விடாத மாதிரி இருக்கிறது" என்றாள், ஆனாலும் இன்னொரு பெட்டி வாங்கினாள். முன்பெல்லாம் கப்பல் நிற்கும் கொஞ்ச நேரத்தில் கூடையோடு ஏறி இதை விற்றுவிட்டு இறங்குவார்களாம்.

அப்புறம் குளியல். வப்போரியா பகுதியில் அயியோஸ் நிக்கோலாஸ் கோவிலின் நீலக் குவிமாடத்துக்குக் கீழே, மணலே இல்லாத கடற்கரை. சிமெண்டு மேடையிலிருந்து ஏணி பிடித்து நேராகக் கடலில் இறங்க வேண்டியதுதான். தொப்பி போட்ட பாட்டிமார்கள் தண்ணீரில் நின்றபடியே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எங்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். தினோஸ் என்றதும் முகமே மாறிவிட்டது. அவருடைய பேத்திதான் மொழிபெயர்த்தாள். தினோஸ் மாதா கோவிலுக்குத் துறைமுகத்திலிருந்தே முட்டிபோட்டு ஏறுவது வேண்டுதல். பாட்டி மகனுக்காக ஒருகாலத்தில் அப்படி ஏறியவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

சட்டென்று மேலே ஏறிப் போய்த் துணிப்பையில் தேடி, இரண்டு யூரோ நாணயம் ஒன்றை அக்கா கையில் வைத்து அழுத்தினார். அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். காசு வேண்டாம், நாங்களே ஏற்றுகிறோம் என்றோம். பாட்டி விடவில்லை. "இன்னொருத்தர் காசில் ஏற்றினால் அது இன்னொருத்தர் வேண்டுதல்" என்றாராம். எங்கள் ஆச்சியும் இதையேதான் சொல்லியிருப்பார்.

நாலு மணிக்கு ஏஜென்சிக்குப் போனோம். கப்பல் தாமதம், ஆனால் உண்டு. மறுநாள் காலை தினோஸில் முதல் வேலையாக அந்த நாணயத்தைக் கொடுத்து மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினோம். அக்கா தனக்கென்று வேறொன்று, தன் காசில்.

ஆனோ சீரோஸுக்கு எங்களுக்கு நேரம் போதவில்லை. நாலைந்து மணி நேரமாவது இருப்பவர்கள் டாக்சியில் மேலே போய்விட்டுப் படிவழியாக இறங்கிவருவது நல்லது. வெயிலில் அத்தனை படி ஏறினால் அதன் பிறகு எதையும் ரசிக்கத் தெம்பு இருக்காது.