புதுப்பிப்பு: இரவு நகலெடுப்பில் செயலி உறைந்து நின்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நகலெடுக்க எங்கள் ஜாவா செயலி இரவில் பிஜி-டம்ப் கட்டளையை இயக்கும்போது, பிழைச்செய்தி எதுவுமின்றி விடியும்வரை அசையாமல் நிற்கிறது என்று சென்ற வாரம் இந்த இழையில் எழுதியிருந்தேன். ஒரு பணி பயன்படுத்தும் அட்டவணையை மற்றொன்று மாற்றிவிடாதபடி தரவுத்தளம் போடும் பூட்டால் வந்த சிக்கல் என்று அப்போது நான் கணித்தது பாதிதான் சரி.

திங்களன்று இரவு தொங்கி நின்ற செயல்முறையை எஸ்ட்ரேஸ் (ஒரு நிரல் இயங்குதளத்திடம் விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் கருவி) கொண்டு பார்த்தேன். பிழை வெளியீட்டில் (பிழைகளும் அறிவிப்புகளும் போகும் தனித் தடத்தில்) ஒரு வரியை எழுத முயன்ற இடத்திலேயே அது நின்றிருந்தது. லினக்ஸில் ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலுக்குக் கொண்டுசெல்லும் பைப் இயல்பாக 65,536 பைட் மட்டுமே கொள்ளும். மறுமுனையில் படிப்பவர் இல்லாமல் அது நிரம்பிவிட்டால், எழுதும் நிரல் காத்துக் கிடக்க வேண்டியதுதான். நாங்கள் எழுதிய நிரலோ இயல்பு வெளியீட்டை (வழக்கமான வெளியீடு வரும் தடத்தை) மட்டுமே படித்துக்கொண்டிருந்தது. விவரமான பதிவு வேண்டுமென்று வெர்போஸ் விருப்பத்தைச் சேர்த்தவன் நானே என்பதையும், அதன் வரிகள் அனைத்தும் பிழை வெளியீட்டுக்கே போகும் என்பதையும் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பூட்டு வந்தது இதன் விளைவாகத்தான். நின்றுபோன பிஜி-டம்ப் தான் நகலெடுக்கும் அட்டவணைகள் மீதான படிப்புப் பூட்டை விடாததால், பின்னர் வந்த, அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை காத்திருக்க, அதன் பின்னால் தரவைப் படிக்கும் சாதாரண செலக்ட் வினவல்களும் வரிசையில் மாட்டிக்கொண்டன.

இப்போது இரு வெளியீடுகளையும் கோப்புக்குத் திருப்பி, 40 நிமிடத்துக்குள் முடியாவிட்டால் கட்டளையை நிறுத்துமாறு மாற்றியிருக்கிறேன். கடவுச்சொல் கேட்டு நிற்காதிருக்க நோ-பாஸ்வேர்ட் விருப்பமும் சேர்த்தாயிற்று. மூன்று இரவுகளாக நகலெடுப்பு 11 நிமிடங்களில் முடிகிறது.