இருப்பாறலா, காத்திருப்பு இழப்பா?

மடல் 1: ஏற்காடு, பராமரிப்புத் தாள் தமிழாக்கம்

குழுவினருக்கு வணக்கம்.

தொட்டி வைத்த கேஸ் வெந்நீர்க் கருவிகளுக்கான பராமரிப்புத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் ஏற்காட்டு விடுதிகளில் பிளம்பிங்கும் கேஸ் வேலையும் பார்ப்பவர்கள். ‘ஸ்டாண்ட்பை லாஸ்’ பக்கத்துக்கு நாலு முறை வருகிறது. யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில், தொட்டியில் சும்மா நிற்கும் சுடுதண்ணீர் இழக்கும் வெப்பம் அது.

‘காத்திருப்பு இழப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். ரயிலைத் தவறவிட்டவர் கணக்கு மாதிரி இருக்கிறது. ‘நிலை இழப்பு’ என்றால் நிலைமை இழந்ததா, நிலைத்த இழப்பா என்று மயக்கம். ‘ஓய்வுநிலை வெப்ப இழப்பு’ பிழையில்லாதது, ஆனால் அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்காது, வாயிலும் நுழையாது. வேறு சொல் உண்டா?

மடல் 2: சேலம், கேஸ் கருவிப் பழுதுபார்ப்பு

ஐயா, பெயர் வைக்கும் முன் பொருளைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். இந்த ஒரே சொல்லுக்குள் நாலு சங்கதி கிடக்கிறது.

முதலாவது, தொட்டியின் வெளிச்சுவர் வழியே போகும் வெப்பம். தகட்டு உறைக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் நுரையின் தடிமன் இதைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவதுதான் பெரிய ஆள். கேஸ் தொட்டியின் நடுவில் அடியிலிருந்து உச்சி வரை புகைக்குழாய் ஓடுகிறது. செப்பு பாய்லரில் நடுவே கரி போடும் குழாயைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு புரியும். பர்னர் அணைந்த பிறகும் அந்தக் குழாய் திறந்தே கிடக்கிறது. சுற்றிலும் 60 டிகிரித் தண்ணீர். உள்ளே காற்று சூடாகி மேலே ஏறும், கீழிருந்து குளிர்காற்று உள்ளே வரும். ராத்திரி முழுக்க இந்த ஓட்டம் நிற்காது. ஏற்காட்டில் மார்கழிக் காற்று புகைக்குழாய் வாயை உரசி அடித்தால் இழுவை இன்னும் கூடும். மின்சார கீசரில் இந்த வழியே கிடையாது. அதனால் அதற்குச் சொன்ன வைத்தியம் இதற்குப் பாதிதான் பலிக்கும்.

மூன்றாவது, குழாய்கள். வெந்நீர்க் குழாய் தொட்டி உச்சியிலிருந்து நேராக மேலே ஏறினால், அதே குழாய்க்குள் சூடான நீர் நடுவில் ஏறி, ஆறிய நீர் ஓரமாக இறங்கும். யாரும் திறக்காமலே குழாய் சுடும். தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

நாலாவது, பைலட், அதாவது பர்னரைப் பற்ற வைக்க எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர். அது வெப்ப இழப்பே இல்லை, கேஸ் செலவு. இதையும் மற்ற மூன்றையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புவதுதான் எனக்குப் பிடிக்காதது.

வைத்தியமும் தனித்தனி. வெளிச்சுவருக்கு 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளி சுற்றலாம். உள்ளே 25 மி.மீ. நுரை மட்டும் இருக்கும் தொட்டியில் சுவர் வழி இழப்பு ஏறத்தாழ பாதியாகும். ஆனால் மேல்மூடியையும் புகைக்குழாய்க் குடையையும் மூடக் கூடாது. கீழே காற்று நுழையும் துளைகள், பர்னர் கதவு, தெர்மோஸ்டாட், பாதுகாப்பு வால்வு, அதன் வடிகுழாய், இவையும் வெளியே தெரிய வேண்டும். கீழே துளையை மூடினால் சுடர் மஞ்சளாகும், கரி பிடிக்கும், அறைக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும். சுற்ற வேண்டாம் என்று கருவியிலேயே ஒட்டியிருந்தால் சுற்ற வேண்டாம், அவ்வளவுதான்.

குழாய்க்கு, தொட்டியை விட்டு வெளியே வந்ததும் ஒரு அரையடி கீழ்நோக்கி வளைத்து அப்புறம் மேலே ஏற்றுங்கள். சூடான நீர் கீழே இறங்காது, சுழற்சி அங்கேயே நிற்கும். குளிர்நீர்க் குழாய்க்கும் இதே வளைவு வேண்டும். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். பிறகு முதல் இரண்டு மீட்டருக்குக் கருப்பு ரப்பர் நுரைக் குழாய் போடலாம். புகைக்குழாயிலிருந்து 15 செ.மீ.க்குள் நுரையும் வேண்டாம், பிளாஸ்டிக் குழாயும் வேண்டாம்.

மடல் 3: சேலம், கல்லூரி இயற்பியல் துறை

பிரித்துக் கொடுத்ததற்கு நன்றி. அப்படியானால் முதல் மூன்றுக்கும் பொதுவாக நடப்பது என்ன? தண்ணீர் ஆறுகிறது. கருவி காத்திருப்பதோ ஓய்வெடுப்பதோ நமக்கு வேண்டாத சங்கதி. ‘ஆறல்’ என்றே வைக்கலாமே?

பாடநூலில் ‘நியூட்டனின் குளிர்வு விதி’ இருக்கிறது, ‘குளிர்வு’ போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 60 டிகிரியிலிருந்து 52க்கு இறங்கிய தண்ணீரை யாரும் குளிர்ந்தது என்று சொல்ல மாட்டார்கள். காபி ஆறும், சோறு ஆறும், பழமொழியிலும் ஆறின கஞ்சிதான் பழங்கஞ்சி. சூடு போவதை மட்டும் சொல்வது ‘ஆறு’. குளிர் வந்து சேர்ந்ததைச் சொல்வது ‘குளிர்’. தமிழ் இரண்டையும் தனியே வைத்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்வோம்.

‘ஆறிழப்பு’ என்று சுருக்க வேண்டாம். ஆறு இழப்புகளா, ஆற்றின் இழப்பா என்று கேள்வி வரும்.

மடல் 4: ஏற்காடு

> ‘ஆறல்’ என்றே வைக்கலாமே?

பிடித்திருக்கிறது. ஆனால் வெறும் ஆறல் எல்லா வெந்நீருக்கும் பொருந்துமே? வாளியில் பிடித்து வைத்ததும் ஆறும், குளியலறைக்குப் போகும் வழியில் குழாயிலும் ஆறும். தொட்டியில் இருப்பாக நிற்பது ஆறுவதைத் தனியே காட்ட வேண்டும். ‘இருப்பாறல்’ எப்படி? கடைப் பேரேட்டில் எழுதும் கைஇருப்பு போல, தொட்டியின் சூட்டு இருப்பு கரைகிறது.

மடல் 5: சேலம், மின்கருவி விற்பனையும் நிறுவலும்

ஒரு எதிர்ப்பு. மின்சாரத் தொட்டி கீசருக்கு நட்சத்திரக் குறி கொடுப்பதே இந்த இழப்பை வைத்துத்தான். 45 டிகிரி வெப்பநிலை வேறுபாட்டில் 24 மணி நேரத்துக்கு இத்தனை யூனிட் என்பது கணக்கு. அங்கே ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்டிங் லாஸ்’ என்கிறார்கள். இழப்பு என்ற சொல்லை விட்டுவிட்டால் வாடிக்கையாளருக்குப் பணம் போகிறது என்பது உறைக்காது. ‘நிற்பு இழப்பு’ போதுமே. சொல்லுக்குச் சொல்லும் சரியாக இருக்கும்.

மடல் 6: சேலம், கேஸ் கருவிப் பழுதுபார்ப்பு

‘நிற்பு இழப்பு’ என்றால் கருவி வேலை செய்யாமல் நின்றுபோனதால் வந்த நஷ்டம் என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். தறி நின்றால், ஜவ்வரிசி ஆலை நின்றால் வரும் நஷ்டம் அப்படித்தானே? சேலத்தில் அந்தப் பொருள் முந்திக்கொள்ளும்.

சொல்லைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அளந்து பார்க்கும்போது அது வினையாக வாயில் வருகிறதா? ‘ராத்திரிக்கு எத்தனை டிகிரி ஆறுது?’ இயல்பாக வருகிறது. ‘எத்தனை டிகிரி நிற்பிழக்குது?’ யாரும் கேட்க மாட்டார்கள்.

அளக்கும் முறை, தாளில் சேர்ப்பதற்காக: இரவு 10 மணிக்குத் தொட்டி முழுச் சூட்டில் இருக்கும்போது, பக்கத்துக் குழாயில் நாலைந்து லிட்டர் ஓடவிட்டு (குழாயில் நின்ற நீர் போக வேண்டும்) வெப்பமானியை நீட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியேறு வால்வை அடைத்து, கேஸ் வால்வையும் பைலட்டோடு சேர்த்து அடையுங்கள். காலை 6 மணிக்கு அதே குழாயில் அதே அளவு விட்டு மறுபடி அளவு எடுங்கள். சூடான நீர் உச்சியில் தங்குவதால் இந்த அளவு உண்மையைவிடச் சற்றுக் குறைவான ஆறலையே காட்டும். ஆனால் சுற்றுவதற்கு முன், சுற்றிய பின் என்று ஒப்பிடப் போதும்.

கணக்கு: 150 லிட்டர் ஒரு டிகிரி ஆறினால் 0.174 யூனிட். எட்டு டிகிரி ஆறினால் 1.4 யூனிட். எட்டு மணி நேரத்தில் இது போனால் சராசரி 175 வாட். ராப்பகலாக இரண்டு குண்டு பல்பு எரிகிற மாதிரி. பர்னரின் திறன் 78 விழுக்காடு என்று வைத்து, கிலோவுக்கு 12.8 யூனிட் என்றால், இதே வேகத்தில் மாதம் 12 கிலோவுக்கு மேல் கேஸ். 19 கிலோ சிலிண்டரில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வாளி கூடப் பிடிக்காமல்.

காலையில் திரும்பப் பற்ற வைக்கும் முன் ஐந்து நிமிடம் விடுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். குனிந்து தரையருகே முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் பற்ற வைக்காதீர்கள், சுவிட்சையும் தொடாதீர்கள். சிலிண்டரை அடைத்துக் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

மடல் 7: சேலம், கல்லூரி இயற்பியல் துறை

இழப்பு என்ற சொல் வேண்டும் என்பவர்களுக்கு: ‘இருப்பாறல் இழப்பு’ என்று ஒட்டினாலும் தப்பில்லை, யூனிட் கணக்கில் அப்படி எழுதலாம். பழந்தமிழில் ‘ஆறலை கள்வர்’ என்று வழிப்பறிக்காரர்கள் வருகிறார்கள். ‘ஆறலைக் குறைக்க’ என்று எழுதும்போது ஒரு நொடி அவர்கள் தலைகாட்டுவார்கள். பொருத்தம்தான்.

இந்தச் சொல்லால் ஒரு பழைய தகராறும் தீர்கிறது. ‘ராத்திரி அணைத்துவிட்டால் காலையில் திரும்பச் சூடாக்க அதிகம் செலவாகும்’ என்பார்கள். ஆறல் வேகம் வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 52 டிகிரித் தொட்டி 60 டிகிரித் தொட்டியைவிட மெதுவாக ஆறும். அணைத்து வைத்த தொட்டி எப்போதும் குறைவாகவே இழக்கிறது. இதே காரணத்தால் ஒரே கருவி அறை வெப்பம் 15 டிகிரி உள்ள ஏற்காட்டிலும் 33 டிகிரி உள்ள சேலத்திலும் ஒரே மாதிரி ஆறாது: வேறுபாடு அங்கே 45, இங்கே 27.

அடித்தொட்டியில் உப்பு படிவதையும் மலையில் பர்னர் திறன் குறைவதையும் இதில் சேர்க்காதீர்கள். அவை எரியும்போது வரும் குறை. இருப்பாறல் எரியாதபோது வருவது.

மடல் 8: ஏற்காடு

பைலட்டுக்கு? ‘அணையாச்சுடர்’ என்று எழுதியிருக்கிறேன்.

மடல் 9: சேலம், கல்லூரி இயற்பியல் துறை

கல்வெட்டில் சொல் காத்திருக்கிறது: நந்தா விளக்கு. ‘நந்தாச்சுடர்’ என்று வையுங்கள். அன்று கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய, நெய்க்காக 90 ஆடு, ‘சாவா மூவாப் பேராடு’ என்று விட்டார்கள்; எரியவிடுவதற்கு விலை உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். 100 வாட் அளவுள்ள பைலட் நாளுக்கு 190 கிராம், மாதம் ஐந்தரை கிலோ கேஸ் தின்கிறது.

மடல் 10: சேலம், கேஸ் கருவிப் பழுதுபார்ப்பு

நந்தாச்சுடரை ஏற்கிறேன், பேச்சில் பைலட்தான் நிற்கும். தாளில் ஒன்றைச் சேருங்கள்: தொட்டிக் கருவியில் அந்தச் சுடரின் வெப்பம் கொஞ்சம் தண்ணீருக்கே போகிறது, முழுவதும் வீணில்லை. தொட்டியில்லாத கீசரில் பைலட் இருந்தால் கிட்டத்தட்ட முழுவதும் வீண். பேட்டரிப் பொறியில் பற்றும், நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் தொட்டியில்லாத கீசருக்கு இருப்பும் இல்லை, இருப்பாறலும் இல்லை.

புகைக்குழாயை மூடும் தகட்டுக்கு ‘டாம்பர்’ என்கிறோம். ‘புகைமதகு’ என்றால் ஏரிப் பாசனம் தெரிந்த எவருக்கும் விளங்கும். ஆனால் பெயர் எளிது என்று யாரும் தகரத்தை வெட்டி மூடி போட்டுவிடக் கூடாது. பைலட் எரியும்போதே புகைவழி அடைபட்டால் நச்சுப்புகை அறைக்குள் இறங்கும். மதகு முழுதாகத் திறந்தது உறுதியானால்தான் பர்னருக்குக் கேஸ் திறக்கும்படி பூட்டு உள்ளதை, அந்தக் கருவிக்கென்றே வந்ததை மட்டும் பொருத்தலாம்.

மடல் 11: ஏற்காடு

தாளில் இப்படிப் போகிறது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

‘இருப்பாறல்: குழாய் திறக்காத நேரத்தில் தொட்டி நீர் சுவர், புகைவழி, குழாய் மூன்றின் வழியாகவும் ஆறுவது. நந்தாச்சுடரின் கேஸ் செலவைத் தனியே எழுதுக. தெர்மோஸ்டாட் 60 டிகிரி. கோடை விழாக் கூட்டம் இறங்கிய பிறகு இரண்டு இரவுக்கு மேல் காலியாக இருக்கும் அறைகளின் கருவியைச் சுடரோடு அணைக்கவும். ஆள் வருமுன் மறுபடி 60க்கு ஏற்றி, குழாய்களில் வெந்நீரை ஓடவிடவும். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் கிருமி வளரும்.’

மடல் 12: சேலம், மின்கருவி விற்பனையும் நிறுவலும்

கீசர் விலைப்பட்டியலில் ‘இருப்பாறல் (யூனிட், 24 மணி)’ என்று தலைப்பு போட்டுப் பார்த்தேன். கட்டத்துக்குள் அடங்குகிறது. எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன்.