உதவி: வாய்ஸ் ஓவர் போகப்போகப் படத்தை முந்துகிறது. என்னிடம் சரியாக ஓடுகிறது, கிளையன்டிடம் மட்டும் தவறுகிறது

குரல்வழி (கேள்வி)

வணக்கம். ஃப்ரீலான்ஸாக வாய்ஸ் ஓவர் செய்கிறேன். சின்ன அளவில் எடிட்டிங்கும் உண்டு. இயந்திரப் பராமரிப்பைச் சொல்லித்தரும் அனிமேஷன் வீடியோக்கள், மொத்தம் 6 பாகம், என் கைக்கு வந்திருக்கின்றன. இதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை இதுதான்.

முதல் பாகம் 18 நிமிடம். அவர்கள் அனுப்பிய மாதிரிப் படத்தை ஓடவிட்டுப் பார்த்தபடியே பேசினேன். ஒவ்வொரு வாக்கியமும் அந்தந்தக் காட்சி மாறும் இடத்தில் வந்து உட்காரும்படி அமைத்து, ஒரே நீளமான வேவ் கோப்பாக அனுப்பினேன். "ஆரம்பம் சரியாக இருக்கிறது, கடைசிப் பகுதியில் குரல் முன்னாலேயே வந்துவிடுகிறது" என்று பதில் வந்தது. "இப்போது வால்வைத் திருப்பவும்" என்று நான் சொல்லி முடித்த பிறகுதான் திரையில் கை வால்வுக்கே போகிறதாம்.

என் தவறாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து கடைசி 10 நிமிடத்தையும் மறுபடி பேசி அனுப்பினேன். அதே புகார் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை "படத்தைப் பார்த்துத்தானே பேசினீர்கள்?" என்று ஒரு வரியும் சேர்ந்து வந்தது. அந்த வரி மனசைப் போட்டு அறுக்கிறது.

என் பக்கம்: ரீப்பர் (ஒலிப்பதிவு மென்பொருள்), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மைக்கைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ். என் டைம்லைனில் படமும் குரலும் கடைசி நொடி வரை அச்சாகப் பொருந்துகின்றன. நாளை மறுநாள் கெடு. மூன்றாவது முறை பேசுவதா, அல்லது வேறெங்காவது கோளாறா? இதற்கெல்லாம் கூடுதல் கட்டணம் கேட்கலாமா?

ஒலிக்கூடம்

பேசும்போது புளூடூத் ஹெட்ஃபோன் போட்டிருந்தீங்களா? இல்லேன்னா இன்டர்ஃபேஸ் பஃபர் (ஒலியைக் கொஞ்ச நேரம் தேக்கி வெச்சு அனுப்புற இடம்) ரொம்ப அதிகமா இருக்கும். எனக்கு ஒருமுறை அப்படி ஆச்சு.

குரல்வழி

வயர் ஹெட்ஃபோன்தான் சார். பஃபர் கோளாறு என்றால் முதல் வரியிலேயே தள்ளி இருக்க வேண்டாமா? முதல் இரண்டு நிமிடத்தில் குறையே இல்லை என்கிறார்கள்.

சின்னத்திரை_எடிட்

அப்போ அவங்க ப்ராஜெக்ட் 44.1ல இருக்கும், உங்க ஃபைல் 48. சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்து பதியுதுங்கிறது) மோதினா இப்படித்தான் இழுக்கும்.

பழைய_மேசை

தம்பி, அந்தச் சந்தேகம் நியாயமானதுதான், ஆனா கணக்கு ஒத்துவரலை. 48ல எடுத்த ஒலியை 44.1ன்னு தப்பா நினைச்சு ஓட்டினா, 18 நிமிஷப் பேச்சு பத்தொன்பதரை நிமிஷத்துக்கு இழுத்து, குரல் பின்தங்கும். குரலும் ஒன்றரை அரைச்சுரம் இறங்கி வேற ஆள் பேசுற மாதிரி கேட்கும். கிளையன்ட் முதல்ல அதைத்தான் சொல்லியிருப்பாங்க. இது அதைவிட ரொம்பச் சின்ன இழுவை.

குரல்வழி அம்மா, தயவுசெய்து இனி ஒரு வார்த்தைகூடப் பேசிப் பதிவு பண்ணாதீங்க. ஒத்திசைவு கெட்டுப்போச்சுன்னா முதல்ல எவ்வளவு, எங்கே, எப்படின்னு அளக்கணும். அளக்காம மறுபடி பேசினா அதே தப்பு அதே இடத்துல திரும்ப வரும், தொண்டைதான் தேயும்.

ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே அளவு தள்ளி இருந்தா அது தாமதக் கோளாறு, மொத்தமா நகர்த்தினா சரியாயிடும். நேரம் போகப்போக ஒரே சீரா வளர்ந்தா ரெண்டு கடிகாரம் ஒத்துப்போகலைன்னு அர்த்தம். அங்கங்க குதிச்சு, சில இடத்துல சரியாகி மறுபடி கெட்டா ஃப்ரேம் (வீடியோவுல அடுத்தடுத்து ஓடுற தனித்தனிப் படம்) விட்டுப்போயிருக்கும், இல்லேன்னா அந்த வீடியோவோட ஃப்ரேம் வேகமே நிலையா இருக்காது.

அவங்க குரலைச் சேர்த்து வெச்சிருக்கிற வீடியோவை அப்படியே அனுப்பச் சொல்லுங்க. உங்க டைம்லைன்ல மாதிரிப் படத்துக்குப் பக்கத்துல போட்டு, 3ஆம், 9ஆம், 18ஆம் நிமிஷத்துல ஏதாவது ஒரு பளிச்சுனு தெரியுற காட்சி மாற்றத்தைப் பிடிச்சு, எத்தனை ஃப்ரேம் வித்தியாசம்னு எண்ணிச் சொல்லுங்க.

குரல்வழி

இப்போதுதான் வந்தது. எண்ணிவிட்டேன்.

3ஆம் நிமிடத்தில் 4 ஃப்ரேம். 9ஆம் நிமிடத்தில் 13 ஃப்ரேம். முடிவில் 26 ஃப்ரேம். எல்லா இடத்திலும் அவர்கள் படம்தான் பின்தங்குகிறது. இன்னொன்றையும் கவனித்தேன்: அவர்களுடைய வீடியோ என்னிடம் இருக்கும் மாதிரியைவிட ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலேயே நீளமாக இருக்கிறது.

பழைய_மேசை

ரொம்ப நல்லா அளந்திருக்கீங்க. விடை அந்த எண்களுக்குள்ளேயே இருக்கு.

18 நிமிஷம்னா 1,080 நொடி. நொடிக்கு 24 ஃப்ரேம்னு வெச்சா 25,920 ஃப்ரேம். அதுல 26 ஃப்ரேம் இழுவைன்னா ஆயிரத்துல ஒண்ணு. இந்த ஆயிரத்தில் ஒண்ணை எங்க பார்த்தாலும் எடிட்டர்களுக்கு ஒரே ஞாபகம்தான் வரும்: 24க்கும் 23.976க்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. 30க்கும் 29.97க்கும் நடுவுல இருக்கிறதும் இதேதான்.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா மறக்கவே மறக்காது. அமெரிக்கால கறுப்பு வெள்ளை டிவி நொடிக்கு 30 ஃப்ரேம்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1953ல வண்ண ஒளிபரப்புக்கான தர அளவை ஏத்துக்கிட்டப்போ, புதுசா நுழைச்ச வண்ணச் சைகை ஏற்கெனவே இருந்த ஒலிச் சைகையோட உரசி, திரையில கோடு கோடா தெரியக்கூடிய நிலைமை. மக்கள் வீட்டுல இருந்த பழைய பெட்டிகளும் வேலை செய்யணும்கிறதால ஒலி அலைவரிசையில கை வைக்க முடியலை. அதனால படத்தோட வேகத்தை 1001க்கு 1000ங்கிற விகிதத்துல கொஞ்சூண்டு குறைச்சுட்டாங்க. 30 ஆனது 29.97. சினிமாவோட 24 அந்த உலகத்துக்குள்ள போகும்போது 23.976 ஆச்சு. அந்தப் பெட்டிகள் எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு, இந்த எண் மட்டும் இன்னைக்கும் நம்ம மென்பொருள் ஒவ்வொண்ணுலயும் உட்கார்ந்திருக்கு.

உங்க விஷயத்துல என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தோணுறதைச் சொல்றேன். அனிமேஷன்காரங்க பெரும்பாலும் முடிஞ்ச வேலையைத் தனித்தனிப் படங்களா, ஃப்ரேமுக்கு ஒரு கோப்பா எடுப்பாங்க. வீடியோ கோப்புக்குள்ள "நான் நொடிக்கு இத்தனை ஃப்ரேம்"னு எழுதியிருக்கும். படத்தொடருக்கு அப்படித் தனக்குன்னு ஒரு கடிகாரம் கிடையாது. உள்ளே கொண்டுவர்ற மென்பொருள் என்ன வேகம்னு நினைக்குதோ அதே வேகத்துலதான் ஓடும். உங்களுக்கு அனுப்பின மாதிரியை 24ல எடுத்திருப்பாங்க. கடைசி எடிட்டுல அதே படங்களை 23.976ல இறக்கியிருப்பாங்க. ஃப்ரேம் எண்ணிக்கை ஒண்ணுதான், படம் மட்டும் 1.08 நொடி நீண்டுடுச்சு. உங்க வேவ் கோப்பு நொடிக் கணக்குல ஓடுறது, அது நீளாது. அதனால குரல் முந்துது.

உங்க குரல்லயோ, நீங்க படம் பார்த்த விதத்துலயோ ஒரு குறையும் இல்லை. இதை முதல்ல மனசுல வாங்கிக்கோங்க.

குரல்வழி

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது, ஐயா. இரண்டு நாளாக என் காது மேலேயே எனக்கு நம்பிக்கை போயிருந்தது. இப்போது சரிசெய்ய வேண்டியது அவர்களா, நானா?

பழைய_மேசை

யாரு பண்ணினாலும் சரியாகும். சுத்தமான வழி அவங்க பக்கத்துல: அந்தப் படத்தொடரை 24னு புரிஞ்சுக்கச் சொல்லி மென்பொருளுக்குச் சொல்லணும், ப்ராஜெக்ட்டும் 24ல இருக்கணும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் ரெண்டுலயும் 'இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்'ங்கிற இடத்துல மாத்தலாம்.

ஆனா மத்த பாகமெல்லாம் ஏற்கெனவே 23.976ல போயிட்டு இருந்தா மாத்த மாட்டாங்க. அப்போ நீங்க குரலை ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்டிக் கொடுங்க. ரீப்பர்ல அந்தக் கோப்போட ப்ராப்பர்ட்டீஸ்ல பிளேபேக் ரேட் 0.999. பக்கத்துல சுருதியைக் காப்பாத்தணுமான்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க. டிக் இருந்தா மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டும், 'ச', 'ஸ' மாதிரி எழுத்துல மினுமினுப்பு வர வாய்ப்பு இருக்கு. டிக் எடுத்தா சுருதி இறங்குறது ஒரு அரைச்சுரத்துல நூறில் ரெண்டு பங்குகூட இல்லை. எந்தக் காதுக்கும் தெரியாது.

வாக்கியங்களுக்கு நடுவுல இருக்கிற மௌனத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டியும் சரிபண்ணலாம். முகம் பேசுற வீடியோன்னா முடியாது, விவரணைக் குரலுக்குத் தாராளமா முடியும். 18 நிமிஷத்துக்கு அவ்வளவு நகர்த்தணுமான்னுதான் யோசனை.

திரைவெளி_அக்கா

மேசை சார் தொழில்நுட்பத்தைச் சொல்லிட்டார். கிளையன்டுக்கு எப்படி எழுதணும்னு நான் சொல்றேன்மா. நாங்கள்லாம் சறுக்குறதே அங்கதான். "தப்பு உங்களோடது"ன்னு ஆரம்பிச்சா அந்த எடிட்டர் தன்னைக் காப்பாத்திக்கத்தான் பார்ப்பார், உங்க அளவைப் பார்க்க மாட்டார். அளவை முதல்ல வைங்க. இப்படி:

"வணக்கம். நீங்கள் அனுப்பிய வீடியோவை மாதிரிப் படத்துடன் ஒப்பிட்டேன். 3ஆம் நிமிடத்தில் 4, 9ஆம் நிமிடத்தில் 13, முடிவில் 26 ஃப்ரேம் வித்தியாசம் இருக்கிறது. இது 24க்கும் 23.976க்கும் உள்ள வித்தியாசத்துடன் சரியாகப் பொருந்துகிறது. உங்கள் ப்ராஜெக்ட் எந்த வேகத்தில் இருக்கிறது என்று சொன்னால், அதற்கு ஏற்ற குரல் கோப்பை இன்றே அனுப்பிவிடுகிறேன்."

இதுல யாரு மேலயும் பழி இல்லை, ஆனா நீங்க படம் பார்த்துப் பேசினீங்களாங்கிற கேள்விக்குப் பதில் இருக்கு.

காசு விஷயம். நீங்க ராத்திரி முழிச்சுப் பேசினதுக்கு இப்போ பில் போடாதீங்கன்னுதான் சொல்வேன். அவங்க "மறுபடி பேசுங்க"ன்னு கேட்கலை, நீங்களா முடிவு பண்ணினீங்க. ஆனா மீதி 5 பாகத்துக்கு எழுத்துல வாங்கிக்கோங்க. உச்சரிப்புப் பிசகு, வாசிப்புத் தப்பு என்னோடது, இலவசம். ஸ்கிரிப்ட் மாறினாலோ, பேசி முடிச்ச பிறகு படத்தோட நீளம் மாறினாலோ அது புது வேலை, கட்டணம் உண்டு. "2 திருத்தம் இலவசம்"னு மொட்டையா எழுதாதீங்க. எது திருத்தம்னு சொல்லாத ஒப்பந்தத்துல எல்லாமே திருத்தமாயிடும். நான் அதுல நிறையப் பட்டிருக்கேன்.

நிழல்பதிவு

இடையில ஒரு கேள்வி, மன்னிக்கணும். நான் கணினித் திரையைப் பதிவு செஞ்சு பாடம் போடுறேன். எனக்கும் குரல் தள்ளிப்போகுது, ஆனா சீரா இல்லை, 5ஆம் நிமிஷத்துல சரியா இருந்து 7ல கெட்டுப்போகுது.

பழைய_மேசை

உங்களோடது வேற. திரைப் பதிவும் ஃபோன் வீடியோவும் பல நேரம் நிலையில்லாத ஃப்ரேம் வேகத்துல பதிவாகும். கோப்போட விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோல திறந்து பாருங்க, ஃப்ரேம் ரேட் மோட்ங்கிற இடத்துல 'வேரியபிள்'னு இருந்தா அதுதான் காரணம். எடிட் பண்றதுக்கு முன்னாடியே ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாற்றி மென்பொருள்ல நிலையான வேகத்துக்கு மாத்திட்டு உள்ளே கொண்டுவாங்க. வெட்டி முடிச்ச பிறகு மாத்தினா வெட்டின இடமெல்லாம் நகர்ந்துடும்.

குரல்வழி

நடந்ததைச் சொல்கிறேன். அக்கா எழுதித் தந்ததை அப்படியே அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அவர்கள் எடிட்டரே அழைத்தார். மேசை ஐயா சொன்னதேதான்: படத்தொடர் 23.976 ப்ராஜெக்ட்டில் இறங்கியிருக்கிறது. மற்ற பாகங்களும் அதிலேயே இருப்பதால் மாற்ற முடியாது, குரலை நீட்டித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அவசரத்தில் 0.999 போடுவதற்குப் பதில் 1.001 போட்டு அனுப்பிவிட்டேன். இழுவை இரண்டு மடங்காகி 52 ஃப்ரேம் ஆகிவிட்டது. அனுப்புவதற்கு முன்பு கோப்பின் மொத்த நீளத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குரல் முந்துகிறது என்றால் கோப்பு நீள வேண்டும், நான் குறுக்கியிருந்தேன். உடனே மன்னிப்புக் கேட்டு, 0.999ல் மாற்றி, நீளத்தை அவர்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பினேன். இப்போது கடைசிக் காட்சி வரை உட்காருகிறது. முதல் பாகம் ஒப்புதல் ஆகிவிட்டது.

இரண்டு கேள்வி மிச்சம். அடுத்த பாகங்களில் இது முதலிலேயே தெரிய என்ன செய்வது? இரண்டாவது, ராத்திரி பேசிய கடைசிப் பகுதியைத்தான் அவர்கள் வைத்திருக்கிறார்கள். முன்பகுதியோடு குரலின் நிறம் ஒட்டவில்லை என்று எனக்கே தோன்றுகிறது.

பழைய_மேசை

முதலாவதுக்கு ரெண்டு பீப் போதும். படத்தோட முதல் ஃப்ரேமுக்குச் சரியா 2 நொடி முன்னாடி, ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி. டூ பாப்னு சொல்வாங்க, சினிமா ஒலிப்பதிவுல ரொம்ப காலமா இருக்கிற பழக்கம். அதே மாதிரி கடைசி ஃப்ரேமுக்கு 2 நொடி பிறகு இன்னொண்ணு. மாதிரிப் படத்துலயும் அந்த ரெண்டு இடத்துல ஒரு வெள்ளை ஃப்ரேம் வைக்கச் சொல்லுங்க, டைம்கோடும் (மணி, நிமிஷம், நொடி, ஃப்ரேம் எண்) திரையிலேயே தெரியட்டும். முதல் பீப் பொருந்தி ரெண்டாவது பொருந்தலைன்னா கடிகாரம் தப்புன்னு பத்தே நொடியில அவங்களுக்கே தெரிஞ்சுடும். வேலை தொடங்கும்போதே ஃப்ரேம் வேகம் என்னன்னு கேட்டு, "24"னு சொன்னா "முழு 24ஆ, 23.976ஆ"ன்னு திருப்பிக் கேளுங்க. நிறையப் பேர் ரெண்டையும் 24னுதான் சொல்வாங்க.

திரைவெளி_அக்கா

குரல் நிறத்துக்கு நான் சொல்றேன். ராத்திரி களைச்ச தொண்டையில பேசினது கனமா, கொஞ்சம் கரகரன்னு கேட்கும். ஈக்யூல (ஒலியோட கனம், கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற கருவி) நோண்டிச் சரிக்கட்டப் பார்க்காதீங்க, வேலைக்கு ஆகாது. உங்க முதல் தடவைப் பதிவு இருக்குல்ல? தப்பு படத்துலதான்னு ஆயிட்டதால அந்தப் பதிவுல குறையே இல்லை. அதைத் தூக்கி வெச்சு, முழுசா 0.999 போட்டு அனுப்பிடுங்க.

இனிமே பிக்கப் (பிறகு சேர்க்கிற வரி) பேசும்போது முதல் நாள் பேசின அதே நேரத்துல பேசுங்க. மைக்குக்கும் வாய்க்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்து குறிச்சு வைங்க. பழைய வரியை ஹெட்ஃபோன்ல ரெண்டு தடவை கேட்டு, அது முடியுற மூச்சுலயே புது வரியைத் தொடங்குங்க.

குரல்வழி

முதல் பதிவு பத்திரமாக இருக்கிறது அக்கா! அதை மறந்தே போயிருந்தேன். இன்று மாலையே மாற்றி அனுப்புகிறேன். இரண்டாம் பாகத்தின் மாதிரிப் படம் வந்திருக்கிறது, 23.976, ஓரத்தில் டைம்கோடு ஓடுகிறது. வெள்ளை ஃப்ரேம் மட்டும் இல்லை, அதையும் கேட்டு எழுதிவிட்டேன்.